ததேயுஸ் அடித்த கடைசிப் பக்கம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தோவாளையில் பூ கட்டுகிறவர்கள். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கி, இஸ்திரி போட்ட சட்டையோடு நாகர்கோவிலில் முதல் வேலைக்குப் போனேன். முதலாளி என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "படிக்காதே."

துணிக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த அலுவலகம். முதலாளி பெயர் பிரபின். கணினித் திரையில் ஒரு பழைய புத்தகத்தின் பக்கம் தெரிந்தது. காகிதத்தில் கறை, எழுத்தில் தேய்மானம். அப்படியொரு எழுத்தை நான் பார்த்ததே இல்லை.

"இத வாசிக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுண்ணே."

"அதான் வேணும். வாசிக்கத் தெரிஞ்சவன் ஊகிப்பான். ஊகிச்சா தப்பு வரும். நீ கண்ணால பாரு, கையால அடி. படிக்காதே."

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார். நரைத்த மீசை. விரல்கள் மட்டும் வேறு யாருடையவோ போலத் தனியாக ஓடிக்கொண்டிருந்தன. "மூணு வருசம் காலேஜில வாசிக்கப் படிச்ச பயலப் புடிச்சு வாசிக்காதேன்னா சங்கடமாத்தான் இருக்கும். நீ கவலப்படாத மக்கா. அந்தப் படிப்பு மறக்க ரொம்ப நேரம் எடுக்காது," என்றார்.

அவர்தான் ததேயுஸ். நான் ததேயுஸ் அண்ணனைச் சந்தித்தது அப்படித்தான்.

அடித்துக்கொண்டிருந்தது ஆர்மேனிய மொழிப் புத்தகங்கள். நானூறு, முந்நூறு வருடத்துக்கு முந்தியவை. லெபனானில் இருந்த ஓர் ஆர்மேனிய அறக்கட்டளை, தங்கள் ஆட்கள் உலகமெங்கும் சிதறிப்போய் அச்சடித்த பழைய புத்தகங்களையெல்லாம் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தது. தேய்ந்த எழுத்தை இயந்திரம் சரியாக வாசிக்கவில்லை. அதனால் மனிதக் கண். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். ஒருவர் அடித்தது மற்றவருக்குத் தெரியாது. பிறகு இரண்டையும் கணினி நிரல் ஒப்பிட்டுப் பார்க்கும். வேறுபடும் இடத்தில் மட்டும் சிவப்பு விழும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது சரி. உலகில் வேறு யாரும் அதைச் சோதிக்கப்போவதில்லை.

அந்த மாடியில் ஒருவருக்கும் ஆர்மேனியம் தெரியாது. எழுத்துகளுக்கு நாங்களே பெயர் வைத்திருந்தோம். மேலே வாய் திறந்திருந்தால் சட்டி. கீழே திறந்திருந்தால் கவுந்த சட்டி. கழுத்து வளைந்தது வாத்து. குறுக்கே கம்பு போட்டது சிலுவை. வெனிசில் அச்சான புத்தகம் வந்தால், மத்தியானம் கண் வலிக்கும்போது யாராவது, "ஏலே, இந்த வாத்துக்க கழுத்த வெனிசுக்காரன் ஒடிச்சிட்டான்," என்பார்கள். அறையே சிரிக்கும். ததேயுஸ் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே பக்கங்கள் வந்தன. அவர் முதல் விரல், நான் இரண்டாம் விரல். சிவப்பு விழுந்தால் பெரும்பாலும் தப்பு என்னுடையது.

அவர் ஆரல்வாய்மொழிக்காரர். நாகர்கோவிலில் தட்டச்சு படித்தபோது அதே நிலையத்தில் படிக்க வந்தவர் நேசபாய். இவர் ரோமன் கத்தோலிக்கர். நேசபாய் சீர்திருத்த சபையில் உபதேசியாராக இருந்த யோவானின் மகள். இரண்டு வீட்டிலும் ஏசுதான், ஆனால் இரண்டு வீட்டுக்கும் ஆகவில்லை. "அவள உங்க மார்க்கத்துக்கு மாத்தமாட்டேன்னு சத்தியம் பண்ணு," என்று நேசபாயின் சித்தப்பா கேட்டிருக்கிறார். பண்ணினார். அதற்குப் பிறகும் யோவான் திருமணத்துக்கு வரவில்லை. மகளோடு பேசவும் இல்லை. அவர் இறந்தபோது நேசபாய் போயிருக்கிறார். உள்ளே விடவில்லை. பந்தலில் ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து அழுதுவிட்டு வந்திருக்கிறார்.

"ஞாயித்துக்கெழம ரெண்டுபேரும் ஒரே பஸ்ஸுல ஏறுவோம். அவ அவளுக்க கோயிலுக்கு எறங்குவா, நான் எனக்க கோயிலுக்கு எறங்குவேன். திரும்பி வரும்போ யாருக்க பிரசங்கம் நீளம்னு சண்ட," என்று ததேயுஸ் அண்ணன் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நேசபாய் பக்கத்துப் பிரசங்கம்தான் நீளமாம்.

பிறந்த வீட்டிலிருந்து நேசபாயோடு உறவு வைத்திருந்தவர் ஒருவர்தான். தம்பி பிரபின், எங்கள் முதலாளி. குவைத்தில் கட்டுமான நிறுவனம் ஒன்றில் தட்டச்சராக இருந்த ததேயுஸை, "அத்தான், உங்க விரலு இருந்தா நான் கம்பெனி தொடங்கிருவேன்," என்று கூப்பிட்டு வரவழைத்தவர். தொடக்கத்தில் ஆறு பேர். ஆறு பேருக்கும் மத்தியானச் சாப்பாடு நேசபாய் சமைத்துத் தூக்குவாளியில் வரும். நான் சேரும்போது அவர் இல்லை. புற்றுநோய். ஆனால் பழைய ஆட்கள் அவருடைய மீன்குழம்பைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஒருவர் இறந்த பிறகும் குழம்பு மணக்கும் என்று அங்கேதான் அறிந்தேன்.

நேசபாயை அவருடைய சபைக் கல்லறையில்தான் அடக்கினார்கள். பிரபின் அப்படிக் கேட்டுக்கொண்டார். அங்கே இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் கிடையாது. போனவர் கர்த்தரிடம் போய்விட்டார், அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. கத்தோலிக்கக் கோயிலில் அப்படி இல்லை. நவம்பர் மாதம் கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றி, இறந்தவர்களின் பெயர்களை வாசித்துப் பூசை வைப்பார்கள். ததேயுஸ் அண்ணன் தன் அப்பாவுக்கு, அம்மாவுக்கு, பாட்டனுக்கு எல்லாம் பெயர் கொடுப்பார். நேசபாயின் பெயரைக் கொடுக்கமாட்டார்.

"பூசையில பேரு சொன்னா அவள மாத்துன மாதிரி ஆயிரும். சத்தியம் பண்ணுனது செத்தா தீராது," என்பார். "ஆனா ஒண்ணு மக்கா. எல்லாவன் பேரும் வாசிப்பாவ. எனக்கு ஒருத்திக்க பேருதான் கேக்கணும். அது மட்டும் வராது."

அந்தச் சமயத்தில்தான் லெபனானிலிருந்து காணொளி அழைப்பு வந்தது.

அறக்கட்டளையில் எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டவர் ஆனி என்ற ஓர் அம்மாள். முதல் தொகுதி முடிந்த மகிழ்ச்சியில் எல்லோரையும் பார்க்கவேண்டும் என்றார். ஒவ்வொருவராகப் பெயர் சொன்னோம். "ததேயுஸ்" என்றதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆர்மேனியர்களுக்கு வேதத்தைக் கொண்டுவந்த அப்போஸ்தலரின் பெயரே ததேயுஸ்தானாம்.

"எனக்கு அம்மை நேர்ச்சைக்கு வச்ச பேரு மேடம்," என்றார் இவர், தன் குவைத் ஆங்கிலத்தில்.

அன்றைக்கு ஆனி நிறையப் பேசினார். மிச்சத்தை நான் தேடி வாசித்தேன். வாசிக்காதே என்றது எழுத்தைத்தானே, சரித்திரத்தை அல்லவே. ஆர்மேனிய மொழியின் முதல் அச்சுப் புத்தகம் அவர்கள் நாட்டில் அச்சாகவில்லை. 1512வாக்கில் வெனிசில் அச்சானது. அடித்தவர் யாக்கோபு என்று ஒருவர். பெயரோடு 'பாவி' என்று சேர்த்துப் போட்டுக்கொண்டவர். பிறகு கான்ஸ்டாண்டிநோபிள், ஆம்ஸ்டர்டாம் என்று போன இடமெல்லாம் அச்சகம் வைத்திருக்கிறார்கள். பாரசீகத்தில் புதிய ஜுல்பா என்ற ஊரில் துறவிகள் அச்செழுத்து, காகிதம், மை எல்லாவற்றையும் தாங்களே செய்து அடித்திருக்கிறார்கள். நம் சென்னையில் 1772இல் ஓர் ஆர்மேனிய அச்சகம். ஆர்மேனிய மொழியின் முதல் பத்திரிகையே சென்னையில் 1794இல் வந்ததுதான். அதை நடத்திய பாதிரியார் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர். எக்மோருக்கு எத்தனையோ முறை ரயிலில் போயிருக்கிறேன். எனக்கு இதை யாரும் சொன்னதில்லை.

இந்தப் புத்தகங்களுக்கெல்லாம் கடைசியில் ஒரு பக்கம் இருக்கும் என்றார் ஆனி. ஏட்டில் எழுதிய காலத்திலிருந்து வரும் வழக்கம். யார் காசு கொடுத்தார், யார் எழுத்து கோத்தார், யார் மை பூசினார், அவர்களுடைய அம்மா அப்பா யார், இறந்துபோன பிள்ளை யார் என்று பெயர்களைச் சொல்லி, 'வாசிப்பவரே, இவர்களை உங்கள் ஜெபத்தில் நினையுங்கள்' என்று கேட்டிருப்பார்கள். நாடில்லாமல் அலைந்தவர்களுக்கு அந்தப் பக்கம்தான் கல்லறை என்றார்.

"அந்த வழக்கத்தை நான் விடப்போவதில்லை. இந்தத் தொகுதியைக் கொஞ்சம் பிரதிகள் அச்சிட்டு நூலகங்களுக்கு அனுப்புகிறோம். கடைசிப் பக்கத்தில் உங்கள் பணிமனைக்கு ஒரு வரி உண்டு. ததேயுஸ், உங்கள் பெயர் வரும். உங்களுக்காக நாங்கள் யாரை நினைக்க வேண்டும்?"

அவர் எழுந்து நின்றுவிட்டார். "மை வைஃப். நேசபாய்," என்றார். இன்னொரு முறை, மெதுவாக, "நே...ச...பாய்."

"எழுத்துக்கூட்டலை நான் சரியா மெயில்ல அனுப்பிருதேன் மேடம்," என்றார் பிரபின்.

கீழே இறங்கித் தேநீர் குடிக்கப் போனபோது ததேயுஸ் அண்ணனின் முகத்தைப் பார்க்கவேண்டும். "நம்ம ஊருல ரெண்டு கோயிலுக்கும் எடையில அவ நிக்கா. மூணாவதா ஒரு கூட்டம், அவளக் கண்டதுமில்ல கேட்டதுமில்ல, அவ பேரச் சொல்லி ஜெபிக்கப் போவுதுவ. இதுல எனக்க சத்தியமும் ஒடையல பாத்தியா?" என்றார். கடைக்காரரிடம் பழம்பொரி வாங்கி எனக்கும் நீட்டினார்.

சில மாதங்களில் அந்தக் கடைசிப் பக்கம் எங்களுக்கே வந்தது. பழைய முறைப்படி ஒருவர் கையால் அழகாக எழுதிய பக்கம். மற்றப் பக்கங்களைப் போலவே இதையும் நாங்கள்தான் அடிக்கவேண்டும். "இத நான் அடிக்கேன்," என்று ததேயுஸ் அண்ணன் வாங்கிக்கொண்டார். இரண்டாம் விரலுக்கு எனக்கு வந்தது.

அவர் அவ்வளவு மெதுவாக அடித்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு சட்டியையும் வாத்தையும் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறவர் மாதிரி தொட்டார். எங்கே நேசபாய் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. அதனால் எல்லா எழுத்துக்கும் ஒரே மரியாதை கொடுத்தார். பிரபின் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு பார்த்தார். ஒப்பிட்டபோது ஒரு சிவப்புகூட விழவில்லை. பிரபின்தான் முதலில் கைதட்டினார்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து, கண்ணாடி போட்டு, வீட்டில் நேசபாயின் படத்துக்குக் கீழே மாட்டினார் ததேயுஸ் அண்ணன். காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் அதன் முன் நின்று சிலுவை போட்டுக்கொள்வார். நானே பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய இரண்டு வருடம்.

நேசபாயின் நினைவு நாளுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் ஜினிஷா பெங்களூரில் செவிலியர் படிப்பு முடித்து வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்தவள், போனைத் தூக்கிக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தாள்.

"அப்பா, இப்போ கேமராவ வச்சா எந்த மொழின்னாலும் வாசிச்சிரும் தெரியுமா? அம்மைக்க பேரு எப்பிடி இருக்குன்னு பாக்கட்டு."

"வாசிக்குமா? உள்ளதா?" அவர் துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். "சொல்லு பாப்போம்."

போன் ஆங்கிலத்தில் காட்டியதை ஜினிஷா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். "கடல்கள் சேரும் முனையில்... இந்த எழுத்துகளை அடித்த ததேயுஸ்... ஐ, அப்பா பேரு. பணிமனைத் தலைவன் பிரபின். அவன்..." நிறுத்தினாள். போனைத் தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டக் கொண்டுபோனாள்.

"என்னட்டி?"

"அவன் மறைந்த தந்தை யோவான். இவர்களை நினையுங்கள்."

"அதுக்குப் பொறவு?"

"அதோட முடிஞ்சு."

"போனு தப்பா வாசிக்கும்," என்றார். ஆனால் அவர் பெயரை அது சரியாக வாசித்திருந்தது. அதை மூன்று பேரும் யோசித்தோம். அவர் கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றினார். சுவரில் அது மறைத்திருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து பிரபினின் மேசையில் வைத்தார். அறைக்குக் கதவு கிடையாது. நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

"இது உனக்க அப்பன். உனக்க வீட்டுல இருக்கட்டு."

பிரபினுக்குப் புரிய நேரமாகவில்லை. "அத்தான், இருங்க. சொல்லுகத கேளுங்க."

"சொல்லு."

"ஒரு வரிதான் எடம். நான் யோசிச்சேன். அப்பா ஊரு ஊரா நடந்து பிரசங்கம் பண்ணுனவரு. அவருக்க பேரு ஒரு கல்லுல, ஒரு காகிதத்துல எங்கயும் இல்ல. அக்கா எனக்கும் அக்காதான. அவளுக்கும் அப்பாதான."

"அந்த லெபனான் அம்மைட்ட என்ன சொன்ன?"

பிரபின் தண்ணீர் பாட்டிலைத் திருகிக்கொண்டே சொன்னார்: "எங்க சபையில செத்தவங்களுக்கு ஜெபிக்க ஒத்துக்கமாட்டாவ, அதனால அத்தானே மாமனாருக்க பேரு போடச் சொன்னாருன்னு எழுதுனேன்."

"உனக்க அக்காவுக்கு ஜெபிக்கக் கூடாது. உனக்க அப்பனுக்கு ஜெபிக்கலாம். உபதேசியாருக்க மொவன் நல்லாத்தான் வேதம் படிச்சிருக்க."

யாரும் சிரிக்கவில்லை.

"அவள வாசலுக்குள்ள விடாத மனுசன்லே அது. ரெண்டு வருசமா அவ படத்துக்குக் கீழ அந்த ஆளத் தொங்கவிட்டு, நான் காலம்பற காலம்பற சிலுவ போட்டு ஜெபிச்சிருக்கேன். எனக்க ஜெபத்துக்குப் பலன் உண்டும்னா, உங்க அப்பன் இப்போ மோட்சத்துல நல்ல எடத்துல இருப்பாரு." குரல் உயரவே இல்லை. "நான் எனக்க கையாலயே அடிச்சேன். நீ பின்னால நின்னு பாத்துட்டுத்தான இருந்த? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பிரபினே. அவ சோறு தின்ன வாயி."

"அடுத்த தொகுதில அக்கா பேரு போட்டிருலாம் அத்தான். இன்னைக்கே எழுதுகேன்."

"நீ எழுதுவ. பக்கமும் வரும். அதுல யாரு பேரு இருக்கும்னு நான் எப்பிடி அறிவேன்? எனக்கு வாசிக்கத் தெரியாது பாத்துக்கோ. தெரியாதவன்னு தெரிஞ்சுதான நீ செய்த."

ஆனிக்கு நான் எழுதட்டுமா என்று கேட்டேன். கூடாது என்று தலையாட்டினார். "அந்த அம்மா மனசறிஞ்சு கேட்டா. அவளுக்கு நம்ம வீட்டு நாத்தம் தெரியண்டாம்."

அந்த வாரம் எங்களிடம் இருந்தது புதிய ஜுல்பாவில் அச்சான ஒரு புத்தகம். கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தோம். பெயர்களாக நிறைந்த பக்கம் என்று பார்த்தாலே தெரியும். ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வந்து, நடுவில் மட்டும் சொல் மாறிக்கொண்டே போகும். எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. அன்றைக்கு அந்தப் பக்கத்தில் தேடிப் பார்க்க ஜினிஷா போனில் எடுத்துத் தந்த 'நேசபாய்' என்ற பெயரின் ஆர்மேனிய எழுத்துகளை நான் வைத்திருந்தேன். நாற்காலியை நகர்த்திக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"அண்ணே, ரெண்டு பேரு அடிச்சதும் ஒண்ணா இருந்தா செவப்பு விழாது. யாருக்கும் தெரியாது. எந்த வரியில போடுகியன்னு மட்டும் சொல்லுங்க. நானும் அங்கனயே போடுகேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு என் போனை வாங்கித் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தார். துறவிகளின் பெயர்களுக்கு நடுவே, மற்றப் பெயர்களைப் போலவே கறுப்பாக, அது நின்றது. "இதில ஒரு சட்டி இருக்கு பாத்தியா," என்றார். நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் பக்கத்தில் அதே இடத்தில் விரலை வைத்துக் காத்திருந்தேன்.

பிறகு அழித்தார். கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை, ஒவ்வொன்றாக.

"ஏன்ணே?"

"இது அவங்களுக்க எடம் மக்கா. காகிதம்கூட அவியளே செஞ்சு அடிச்சதுன்னு நீதான சொன்ன? ஒருத்திக்க எடத்துல இன்னொருத்தர இருத்துனதுக்குத்தான் எனக்கு இந்த வயித்தெரிச்சல். அதயே நான் செத்துப்போன சாமியாருவளுக்குச் செய்யணுமா? அவ கேட்டா ஒரு மாசம் எனக்குச் சோறு போடமாட்டா."

அந்தப் பக்கத்தை முடித்தார். ஒப்பிட்டோம். சிவப்பு விழவில்லை. கணினியை அணைத்து, சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பிரபினின் மேசையைத் தாண்டிப் படியிறங்கினார். அதற்குப் பிறகு அந்த மாடிக்கு அவர் வரவில்லை. கண்ணாடி போட்ட பக்கம் இன்னும் செய்தித்தாள் சுற்றியபடியே பிரபினின் அலமாரி மேல் இருக்கிறது. அவரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

ததேயுஸ் அண்ணன் இப்போது ஆரல்வாய்மொழியில் ஒரு காற்றாலைக் கம்பெனி அலுவலகத்தில் மின்சார அளவுகளைக் கணினியில் ஏற்றுகிறார். எண்கள் மட்டும்தான், அவருக்கு வாசிக்கத் தெரிந்த எண்கள். ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பஸ் ஏறித் தன் கோயிலுக்குப் போகிறார். பிரபினோடு பேச்சு இல்லை. நேசபாயின் பெயர் எந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் இல்லை.